கெஞ்சாத முகம்: ஃப்ளாரன்ஸ் பியூ

'லேடி மேக்பெத்' படத்தில் ஒரு காட்சி. கேத்தரின் என்ற இளம் மனைவி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் அவளுடைய மாமனார் மூச்சுத் திணறிச் செத்துக்கொண்டிருக்கிறார். விஷம் வைத்தவள் அவள்தான். வேலைக்காரப் பெண் நடுங்கிக்கொண்டு நிற்கிறாள். கேத்தரின் அவளை உட்காரச் சொல்லி, ஊர்க்கதை பேசுகிற தொனியில் பேச்சுக்கொடுக்கிறாள். அந்த முகத்தில் வெறியும் இல்லை, பயமும் இல்லை. காலையில் எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தவள்போல அவ்வளவு நிதானம்.

அந்த வேஷத்தில் நடித்தபோது ஃப்ளாரன்ஸ் பியூவுக்கு வயது 19. நாடகப் பள்ளி எதிலும் படித்தவர் இல்லை. அதற்கு முன் வெளிவந்திருந்தது ஒரே ஒரு படம்.

இந்த இங்கிலாந்து நடிகையைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அழகாக நடிக்கிறார், நன்றாக அழுகிறார் என்றெல்லாம் பாராட்டி முடித்துவிடலாம். ஆனால் எனக்கு அவரிடம் பிடித்தது வேறு. தான் ஏற்கிற பாத்திரத்தை நாம் விரும்ப வேண்டும் என்று அவர் எந்த இடத்திலும் நம்மிடம் கெஞ்சுவதில்லை. கொலைகாரி, சுயநலக்காரி என்று பெயரெடுத்த தங்கை, காதலனை விடாமல் பற்றிக்கொண்டிருப்பவள், இப்படிப்பட்ட பெண்களாகவே பெரும்பாலும் வருகிறார். நடுவில் ஒரு சொட்டுக் கண்ணீரைக் காட்டி "பாருங்கள், இவள் நல்லவள்தான்" என்று சமாதானம் சொல்லும் வழக்கம் அவரிடம் இல்லை. அந்தப் பெண்ணை முழுசாகக் கொண்டுவந்து நம் முன்னால் உட்காரவைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் நாம்தான் அவளோடு மல்லுக்கட்ட வேண்டும்.

பிறந்தது ஆக்ஸ்ஃபோர்டில், 1996 ஜனவரி 3. ஆக்ஸ்ஃபோர்டு என்றதும் பல்கலைக்கழகக் கோபுரங்கள்தான் நம் நினைவுக்கு வரும். அவர் வளர்ந்த உலகம் வேறு. அப்பா கிளிண்டன் பியூ அந்த ஊரில் உணவகங்கள் நடத்தியவர். அம்மா டெபோரா மாக்கின் நடனக் கலைஞர், நடன ஆசிரியை. பிள்ளைகள் நான்கு பேர். அண்ணன் டோபி செபாஸ்டியன் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரில் டிரிஸ்டேன் மார்ட்டெலாக வந்தவர், பாட்டும் எழுதுகிறவர். மூத்த சகோதரி அரபெல்லாவும் நடிப்புத் துறையில்தான் இருக்கிறார். சமையலும் பாட்டும் ஆட்டமும் சத்தமுமாக இருந்த வீடு அது என்பது அவருடைய பேட்டிகளைக் கேட்டாலே தெரியும்.

சின்ன வயதில் அவருக்கு மூச்சுக்குழாய் பலவீனமாக இருந்தது. குழாயின் சுவர் உறுதியாக இல்லாமல் மூச்சு விடும்போது தளர்ந்துபோகும் நிலை, டிரக்கியோமலேசியா என்கிறார்கள். அடிக்கடி ஆஸ்பத்திரி. வெதுவெதுப்பான ஊரில் இருந்தால் பிள்ளைக்கு நல்லது என்று அவருக்கு 3 வயதாகும்போது குடும்பமே ஸ்பெயினின் தெற்கே சோட்டோகிராண்டேவுக்குப் போனது. 6 வயதில் திரும்பி வந்தார்கள். கரகரப்பும் கனமுமான அந்தக் குரலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதை ஞாபகம் வரும். அவர் நடிப்பில் வசனத்துக்குச் சமமாக மூச்சும் வேலை செய்கிறது. மூக்கால் இழுப்பது, தொண்டையில் நிறுத்துவது, பேசப் போய் விழுங்கிவிடுவது எல்லாமே கணக்கோடு இருக்கும். மூச்சைப் பற்றி மூன்று வயதிலேயே கவலைப்பட நேர்ந்த ஒருவர் இதைச் செய்கிறார் என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது.

அதே 6 வயதில் பள்ளியில் கிறிஸ்துமஸ் நாடகம். மேரி வேஷம். எல்லாக் குழந்தைகளையும்போல அமைதியாகத் தலைகுனிந்து நிற்காமல், மேரியை யார்க்‌ஷயர் வட்டார வழக்கில் பேசவைத்தாராம். மொத்த அரங்கமும் சிரித்ததாம். தனக்கு நடிப்பில் ஆசை வந்த இடமாக அவரே இதைச் சொல்லியிருக்கிறார்.

முதல் படம் 'தி ஃபாலிங்'. இயக்கியவர் கேரல் மார்லி. 1969இல் ஒரு பெண்கள் பள்ளியில் மாணவிகள் ஒருவர் பின் ஒருவராக மயங்கி விழுகிற கதை. இந்தப் படத்துக்கு அவர் தேர்வானபோது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். கதாநாயகி மெய்சி வில்லியம்ஸ். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' மூலம் அப்போதே உலகம் அறிந்தவர். பியூ கதாநாயகியின் தோழி ஆபியாக வருகிறார். பாதியிலேயே ஆபி படத்தைவிட்டுப் போய்விடுகிறாள். ஆனால் அவள் போன பிறகும் மற்றப் பெண்கள் அவளையே நினைத்துத் தவிப்பதை நாம் நம்ப வேண்டுமே, இல்லாவிட்டால் படமே நிற்காது. நம்புகிறோம். 2014 லண்டன் திரைப்பட விழாவில் சிறந்த புதுமுகத்துக்கான பரிந்துரைப் பட்டியலில் அவர் பெயர் வந்தது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் அவர் வாழ்க்கையின் திருப்பம் என்பது என் எண்ணம். 19 வயதில் அமெரிக்காவுக்குப் போகிறார். ஒரு தொலைக்காட்சித் தொடரின் முன்னோட்டப் பகுதியில் இளம் பாடகியாக நடிக்க லாஸ் ஏஞ்சலிஸில் வாய்ப்பு. எந்தப் பெண்ணுக்கும் கனவு போன்ற விஷயம். அங்கே போனதும் அவருடைய எடையைக் குறைக்கச் சொன்னார்கள், முகத்தின் வடிவம் இப்படி இருக்கக் கூடாது என்றார்கள், புருவத்தைப் பற்றிக்கூடப் பேசினார்கள். பல வருஷம் கழித்து ஒரு பேட்டியில் இதையெல்லாம் விவரமாகச் சொன்னார். பெரிய தப்புப் பண்ணிவிட்டோம், இது நமக்கான தொழில் இல்லை போலிருக்கிறது என்று அப்போது தோன்றியதாம். 'தி ஃபாலிங்' மாதிரிதான் எல்லாப் படப்பிடிப்பும் இருக்கும் என்று நம்பிப் போன பெண்ணுக்கு விழுந்த அடி அது. அந்தத் தொடரும் எடுக்கப்படாமலே போனது.

ஊர் திரும்பினார். திரும்பிய கொஞ்ச நாளில் 'லேடி மேக்பெத்' தேர்வுக்குப் போனார். வேஷம் கிடைத்தது.

இந்தப் படத்தின் பின்னணியை நம் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் பியூ போன்ற ஒருவர் எங்கிருந்து வருகிறார் என்பது அதில் இருக்கிறது. பெயரைப் பார்த்து ஷேக்ஸ்பியர் என்று நினைக்க வேண்டாம். நிகலாய் லெஸ்கோவ் என்ற ரஷ்ய எழுத்தாளர் 1865இல் எழுதிய குறுநாவல். ஷோஸ்தகோவிச் இதை இசை நாடகமாக்கியிருக்கிறார். ஆலிஸ் பர்ச் அதைத் திரைக்கதையாக்கும்போது இங்கிலாந்தின் வடக்கே கொண்டுவந்து வைத்தார். இயக்குநர் வில்லியம் ஓல்ட்ராய்ட் நாடக மேடையிலிருந்து வந்தவர். இதுதான் அவருடைய முதல் முழுநீளப் படம். செலவு சுமார் 5 லட்சம் பவுண்டுதான். புதியவர்களின் குறைந்த செலவுப் படங்களுக்கென்று பிரிட்டனில் இருந்த ஐஃபீச்சர்ஸ் என்ற பொதுநிதித் திட்டத்தில் எடுக்கப்பட்டது. டர்ஹம் வட்டாரத்தில் லாம்ப்டன் கோட்டையில் படப்பிடிப்பு. பணம் கொட்டிய ஊர் ஒரு பெண்ணின் முகத்தை மாற்றப் பார்த்தது. பணமே இல்லாத ஒரு சின்னப் படக்குழு அதே முகத்தை நம்பி ஒரு முழுப் படத்தையும் அதன் மேல் ஏற்றியது.

ஏற்றியது என்று சும்மா சொல்லவில்லை. படத்தில் பின்னணி இசை அநேகமாக இல்லை. கேமரா அசையாமல் நின்று பார்க்கிறது. ஒளிப்பதிவாளர் ஆரி வெக்னர் கேத்தரினை ஒரு சோபாவின் நடுவில் உட்காரவைத்து, நேருக்கு நேராக, விடாமல் நம்மைப் பார்க்கவைக்கிறார். நீல உடுப்பு. இடுப்பை இறுக்கிக் கட்டிய உள்கச்சை. வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது என்பது கணவன் வீட்டு உத்தரவு. முதல் அரைமணி நேரம் அவள் கொட்டாவியை அடக்குகிறாள், தூங்கி விழுகிறாள், கேட்ட கேள்விக்கு இரண்டு சொல்லில் பதில் சொல்கிறாள். நமக்கு அவள்மேல் இரக்கம் சுரக்கிறது. சீக்கிரம் தப்பித்துப் போகட்டும் என்று நினைக்கிறோம். அவளும் தப்பிக்கத்தான் செய்கிறாள். ஆனால் விடுதலைக்கு அவள் கொடுக்கிற விலையை வேறு யார் யாரோ செலுத்துகிறார்கள். அதிலும் வீட்டு வேலைக்காரி ஆன்னா. நயோமி ஆக்கி நடித்த அந்தப் பாத்திரம் வாயடைத்துப் போகும் காட்சியை மறக்க முடியாது. முடிவைச் சொல்ல மாட்டேன். லெஸ்கோவின் முடிவு வேறு, படத்தின் முடிவு வேறு. படத்தின் முடிவு இன்னும் கொடியது என்று மட்டும் சொல்கிறேன்.

இரக்கத்துக்குரியவளாகத் தொடங்கியவள் எந்த நிமிஷத்தில் அரக்கியானாள்? எந்தக் காட்சியிலும் "இதோ மாறினாள்" என்று காட்ட முடியாது. அதே முகம், அதே நிதானம். உட்கார்ந்திருப்பதற்காகவே வளர்க்கப்பட்ட ஒருத்தி, தான் கற்ற அந்த அசையாமையையே ஆயுதமாக்கிக்கொண்டாள். 19 வயதில் இதைப் புரிந்துகொண்டு நடிக்க முடியுமா என்று இன்னமும் எனக்குப் பிரமிப்புதான். 2016 செப்டம்பரில் டொராண்டோ விழாவில் படம் முதலில் காட்டப்பட்டது. 2017இல் பிரிட்டிஷ் சுயாதீனத் திரைப்பட விருதுகளில் ஐந்து இந்தப் படத்துக்கு. சிறந்த நடிகை விருது பியூவுக்கு.

அடுத்த இரண்டு வருஷம் வாய்ப்புகள் குவிந்தன. ரிச்சர்ட் அயர் இயக்கிய 'கிங் லியர்' தொலைக்காட்சிப் படத்தில் ஆண்டனி ஹாப்கின்ஸுக்கு மகளாக, கார்டீலியாவாக வந்தார். ஸ்காட்லாந்து மன்னன் ராபர்ட் புரூஸின் கதையான 'அவுட்லா கிங்'கில் அரசியானார். கொரிய இயக்குநர் பார்க் சான்-வூக், ஜான் லெ கார்ரேயின் நாவலை 'தி லிட்டில் டிரம்மர் கேர்ள்' என்று ஆறு பகுதிகளாக எடுத்தார். அதில் உளவு வேலைக்கு இழுத்துவிடப்படும் நாடக நடிகை சார்லியாகப் பியூ. நடிகையாக நடிக்கும் நடிகை, அதற்குள் இன்னொருத்தியாக நடிக்கிறாள், மூன்று அடுக்கு. பலர் பார்க்காமல் விட்ட தொடர் இது. தேடிப் பாருங்கள்.

அப்புறம் 2019. அந்த ஒரு வருஷத்தில் வெளியான மூன்று படங்களைச் சேர்த்துப் பார்த்தால் இவர் வீச்சு புரியும்.

ஆண்டின் தொடக்கத்தில் 'ஃபைட்டிங் வித் மை ஃபேமிலி'. நாரிச் நகரத்து மல்யுத்தக் குடும்பம் ஒன்றிலிருந்து அமெரிக்க மல்யுத்த மேடைக்குப் போன பெய்ஜ் என்ற வீராங்கனையின் உண்மைக் கதை. உச்சக்கட்டப் போட்டியை லாஸ் ஏஞ்சலிஸில் நிஜ மல்யுத்த நிகழ்ச்சி முடிந்த கையோடு, நிஜக் கூட்டத்தின் முன்னாலேயே எடுத்தார்கள். சில வருஷம் முன்பு எடையைக் குறை என்று சொன்ன அதே ஊர். இப்போது அங்கே மேடையேறி இன்னொருத்தியைத் தூக்கிப் போடுகிறார்.

ஜூலையில் 'மிட்சோமர்'. ஆரி ஆஸ்டரின் திகில் படம். கதை நடப்பது ஸ்வீடனின் கோடைக்காலக் கிராமம் ஒன்றில், எடுத்தது ஹங்கேரியில். டேனி என்ற அமெரிக்க மாணவியின் பெற்றோரும் தங்கையும் ஒரே இரவில் இறந்துபோகிறார்கள். ஆறுதல் சொல்லத் தெரியாத ஒரு காதலனோடு அவள் அந்தக் கிராமத்துக்குப் போகிறாள். தொடக்கத்தில் செய்தியைக் கேட்டுவிட்டு அவள் போடும் ஓலம் இருக்கிறதே, அது சினிமா அழுகை இல்லை. அடிவயிற்றிலிருந்து வருகிற, இழவு வீட்டில் மட்டுமே கேட்கிற குரல். அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் டேனி அழுகையை அடக்கிக்கொண்டே இருக்கிறாள். காதலனுக்குச் சலிப்பு வந்துவிடுமோ என்று பயந்து, குளியலறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு வருகிறாள். "சாரி, சாரி" என்று தன் துக்கத்துக்காக மன்னிப்புக் கேட்கிறாள். இதைத்தான் நான் கவனிக்கச் சொல்வேன். ஓலமிடுவது கடினம்தான், ஆனால் ஓலத்தை ஒரு படம் முழுக்கத் தொண்டைக்குள் வைத்துக்கொண்டு, அது அங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியும்படி நடிப்பது அதைவிடக் கடினம்.

கடைசியில் அது உடைகிறது. உடையும்போது கிராமத்துப் பெண்கள் அவளைச் சுற்றி மண்டியிட்டு, அவள் மூச்சோடு மூச்சாக, அவள் கதறலோடு கதறலாக அழுகிறார்கள். ஒப்பாரி கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் காட்சி வேறு மாதிரி இறங்கும். ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து, ஒரே குரலாக அழுகிற பெண்களைப் பார்த்திருக்கிறோம். அந்தக் கிராமம் கொலைகாரக் கிராமம் என்று தெரிந்தும், அந்த ஒரு நிமிஷம் டேனிக்கு இப்போதாவது துணை கிடைத்ததே என்று மனசு நினைத்துவிடுகிறது. படத்தின் பொறியே அதுதான். கடைசிச் சட்டகத்தில் அவள் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பை நாலு பேர் நாலு விதமாகப் படிக்கிறார்கள்; எதையும் முடிவாகச் சொல்லாத முகம் அது. அந்தக் காட்சியில் அவள் அணிந்திருந்த பூக்களாலான பெரிய அங்கியை ஆஸ்கர் அகாடமியின் அருங்காட்சியகம் 65,000 டாலருக்கு ஏலத்தில் வாங்கியது.

இந்த வேஷத்துக்காகத் தன் சொந்தக் குடும்பத்தினரைச் சவப்பெட்டியில் கிடப்பதாகக் கற்பனை செய்து அழுததாகப் பிற்பாடு சொன்னார். அதோடு, இப்படித் தன்னை வருத்திக்கொண்டது சரியில்லை, இனி அந்த வழியில் போக மாட்டேன் என்றும் வெளிப்படையாகச் சொன்னார். ரணப்பட்டு நடிப்பதைத்தான் பெரிய நடிப்பு என்று கொண்டாடுகிற துறையில், உச்சத்தைத் தொட்டுவிட்டு வந்த ஒருவர் இப்படிச் சொல்வது முக்கியம். இளம் நடிகர்கள் இதைக் கேட்க வேண்டும்.

'மிட்சோமர்' முடிந்ததும் அநேகமாக அப்படியே விமானம் ஏறிப் போனது 'லிட்டில் விமன்' படப்பிடிப்புக்கு. லூயிசா மே ஆல்காட்டின் நாவல் 1868இலும் 1869இலும் இரண்டு பாகங்களாக வந்தது. மார்ச் குடும்பத்தின் நான்கு சகோதரிகளில் கடைக்குட்டி ஏமி. நூற்றைம்பது வருஷமாக வாசகர்கள் வெறுத்துவந்த பாத்திரம். அக்கா ஜோ எழுதிய கையெழுத்துப் பிரதியை அடுப்பில் போடுபவள். அக்காவுக்கு வந்திருக்க வேண்டிய ஐரோப்பியப் பயணத்தையும், அக்காவைக் காதலித்த லாரியையும் பெற்றுக்கொள்பவள். ஜோவை நேசிக்கிற எந்த வாசகிக்கு ஏமியைப் பிடிக்கும்?

1994 படத்தில் சின்ன ஏமிக்குக் கிர்ஸ்டன் டன்ஸ்ட், வளர்ந்த ஏமிக்குச் சமந்தா மத்திஸ் என்று இரண்டு பேரைப் போட்டார்கள். இந்தப் படத்தின் இயக்குநர் கிரேட்டா கெர்விக், பியூ ஒருவரையே இரண்டுக்கும் வைத்தார். பதின்ம வயதின் வாசலில் நிற்கும் சிறுமியாக, பள்ளிப் பெஞ்சில் முட்டியைத் தட்டிக்கொண்டு கீச்சுக் குரலில் பேசுபவரும் அவரே. பாரிஸில் பட்டு உடுப்பில் நிமிர்ந்து நிற்பவரும் அவரே. ஒரு காட்சியில் லாரிக்குத் தன் அழகான பாதத்தின் அச்சை எடுத்துக் கொடுக்கப் போய், காலைச் சாந்து வாளியில் விட்டுச் சிக்கிக்கொண்டு கத்துகிறாள். குழந்தைத்தனமும் ஆசையும் பொறாமையும் கலந்து அப்படியே ஒரு தங்கச்சி! படத்தின் காலவரிசை முன்னும் பின்னும் போய்வருவதால், வளர்ந்த ஏமியின் கண்ணில் நாம் அந்தச் சின்ன ஏமியைத் தேடிக்கொண்டே இருக்கிறோம்.

பாரிஸ் ஓவியக்கூடக் காட்சிக்கு வருகிறேன். பணத்துக்காகக் கல்யாணம் பண்ணப் போகிறாயா என்ற தொனியில் லாரி கேட்கிறான். ஏமி கோபப்படவில்லை. ஒரு பெண்ணாகத் தனக்குச் சொந்தமாகச் சம்பாதிக்க வழியில்லை. சம்பாதித்தாலும் கல்யாணமான கணத்தில் அது கணவனுடையது. பிறக்கும் பிள்ளைகளும் அவனுடைய சொத்து. அப்படியிருக்கக் கல்யாணம் பொருளாதார விஷயம் இல்லை என்று என்னிடம் சொல்லாதே, உனக்கு அப்படி இல்லாமல் இருக்கலாம், எனக்கு அப்படித்தான் என்கிற பொருளில் பேசுகிறாள். அந்தக் காலத்துப் பெண்களின் கையறுநிலையை இன்றைய பார்வையாளருக்குப் புரியவைக்க வேண்டும் என்று படத்தில் நடித்த மெரில் ஸ்ட்ரீப் கெர்விக்கிடம் வலியுறுத்தியதால் உருவான பேச்சு இது. வேறு ஒருவர் கையில் இது மேடைப் பிரசங்கமாகியிருக்கும். பியூ மாதச் செலவுக் கணக்கைப் படிக்கிற மாதிரி சொல்கிறார். குரல் உயரவில்லை. இந்தக் கணக்கை அவள் எத்தனையோ இரவு தனக்குத்தானே போட்டுப் பார்த்திருக்கிறாள் என்பது அந்தச் சரளத்திலேயே தெரிந்துவிடுகிறது. நூற்றைம்பது வருஷ வெறுப்பு அந்த ஒரு நிமிஷத்தில் கரைந்தது. சிறந்த துணைநடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை வந்தபோது அவருக்கு வயது 24. விருது லாரா டெர்னுக்குப் போனது. அதனால் ஏமிக்கு ஒன்றும் குறையவில்லை.

மார்வல் படங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'பிளாக் விடோ' கொரோனாவால் தள்ளித் தள்ளி 2021 ஜூலையில் வந்தது. அதில் யெலீனா பெலோவாவாக, அக்காவின் வீராவேச நிற்பைக் கிண்டலடிக்கும் தங்கையாக வந்து படத்தைத் தூக்கிக்கொண்டு போனார். 2025இல் வந்த 'தண்டர்போல்ட்ஸ்' படத்தில் அவர்தான் மையம். கோலாலம்பூரின் மெர்டேக்கா 118 கோபுரத்தின் உச்சியிலிருந்து குதிக்கும் காட்சியில் தானே குதித்தார். உலகத்தின் இரண்டாவது உயரமான கட்டடம் அது. வேண்டாம் என்றவர்களை விடாமல் கேட்டுச் சம்மதிக்கவைத்தாராம். அதைவிட, மனச்சோர்வில் உழலும் யெலீனா அலுத்துப்போன குரலில் பேசும் தொடக்கக் காட்சி எனக்கு முக்கியமாகப்பட்டது. இத்தனை பெரிய பணப்படத்தில் அவ்வளவு நிஜமான சோர்வை எப்படி நுழைத்தார்!

இனி 'தி வொண்டர்'. 2022இல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. சிலி நாட்டு இயக்குநர் செபாஸ்டியன் லேலியோ எடுத்தது. எம்மா டோனஹ்யூவின் நாவல். 1862 அயர்லாந்து. பெரும் பஞ்சம் முடிந்து அதிக காலம் ஆகவில்லை. ஒரு சிறுமி மாதக்கணக்கில் எதுவும் சாப்பிடாமலே உயிரோடு இருக்கிறாள், இது தெய்வ அற்புதம் என்கிறது ஊர். உண்மையா என்று கண்காணிக்க இங்கிலாந்திலிருந்து லிப் என்ற செவிலிப் பெண் வரவழைக்கப்படுகிறாள். 'லேடி மேக்பெத்' எழுதிய ஆலிஸ் பர்ச் இதன் திரைக்கதையிலும் இருக்கிறார். ஒளிப்பதிவும் அதே ஆரி வெக்னர். இங்கேயும் நீல உடுப்பு. அந்தப் படத்தில் வீட்டுக்குள் அடைபட்டவள், இதில் சதுப்பு நிலத்தில் காற்றை எதிர்த்து நடந்து போகிறாள்.

பியூ சாப்பிடுவதைப் பாருங்கள் இந்தப் படத்தில். பட்டினி கிடக்கும் குழந்தையைக் காவல் காக்க வந்த லிப், தட்டில் வைத்ததைப் பசியோடு, அள்ளி அள்ளிச் சாப்பிடுகிறாள். சினிமாவில் நடிகைகள் சாப்பிடுகிற மாதிரி முள்கரண்டியால் தட்டைக் கிண்டிக்கொண்டிருக்கவில்லை. பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் செத்த மண்ணில், பசியைப் புனிதமாக்கும் ஆண்கள் கூட்டத்துக்கு எதிரே ஒரு பெண் வாய் நிறைய மெல்லுவதே ஒரு வாதம். இந்த நடிப்புக்குக் கிடைக்க வேண்டிய பெயர் கிடைக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு நிறைய உண்டு. அதே ஆண்டு வந்த 'டோன்ட் வொர்ரி டார்லிங்' படத்தைச் சுற்றி நடந்த வம்புப் பேச்சில் 'தி வொண்டர்' அமுங்கிப்போனது. அந்தப் படமும் அவர் ஒருவர் தோளில்தான் நின்றது என்பதை மட்டும் சொல்லி நகர்கிறேன்.

உடம்பைப் பற்றிய பேச்சு அவரை விட்டபாடில்லை. 2022 ஜூலையில் ரோமில் வாலெண்டினோ நிறுவனத்தின் ஆடை நிகழ்ச்சிக்கு மெல்லிய இளஞ்சிவப்பு அங்கியில் போனார். மார்பு தெரிந்தது என்று இணையத்தில் ஆண்கள் கூட்டம் வசைபாடியது. அது சின்னதாக இருக்கிறது என்றும் ஏளனம். அவர் படத்தை நீக்கவில்லை. இன்ஸ்டாகிராமில் நீளமாக எழுதினார். ஒரு பெண்ணின் உடம்பைப் பகிரங்கமாகச் சிதைத்துப் பேசுவது எத்தனை சுலபமாக இருக்கிறது உங்களுக்கு, என் உடம்போடு நான் சமாதானமாக வெகுகாலம் ஆகிறது என்பது அதன் சாரம். 19 வயதில் லாஸ் ஏஞ்சலிஸில் அவரால் சொல்ல முடியாமல் போன பதில் இது என்று எனக்குத் தோன்றியது.

'ஓப்பன்ஹைமர்' வந்தபோது நம் ஊர்த் திரையரங்குகளில் அவர் உடம்பின் மேல் கணினியில் வரைந்த கறுப்பு உடுப்பு ஒன்று ஏற்றப்பட்டிருந்தது. பகவத் கீதை வரும் காட்சியை ஒட்டி எழுந்த சண்டை தனி. இந்த இரண்டுக்கும் நடுவில், அவர் நடித்த ஓப்பன்ஹைமரின் காதலி ஜீன் டாட்லாக் என்ற பெண் காணாமல் போனாள். கம்யூனிஸ்ட், மனநல மருத்துவர், 1944 ஜனவரியில் இறந்தபோது வயது 29. படத்தில் சில நிமிஷங்களே வருகிறாள். பூங்கொத்தைக் கொண்டுவராதே என்று சொன்ன பிறகும் ஓப்பன்ஹைமர் கொண்டுவருகிறான், அவள் அதைக் குப்பையில் போடுகிறாள். அதில் ஒரு முழுக் காதலின் களைப்பும் இருக்கிறது. சின்ன வேஷம் என்று கிறிஸ்டபர் நோலன் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டாராம். உணவகத்தில் காபி போடுகிற வேஷமாக இருந்தாலும் வருவேன் என்ற பொருளில் இவர் சொன்னாராம்.

'வி லிவ் இன் டைம்' (2024) படத்தில் சமையல் கலைஞராக வருகிறார். உணவகக்காரர் மகள் கத்தியைப் பிடிப்பதிலும் முட்டையை உடைப்பதிலும் பொய் இல்லை. ஊரடங்கில் இன்ஸ்டாகிராமில் நேரலையாகச் சமைத்துக் காட்டிக்கொண்டிருந்தவர் ஆயிற்றே. அல்முட் என்ற அந்தப் பெண்ணுக்குச் சினைப்பைப் புற்றுநோய் திரும்ப வருகிறது. தலையை மழிக்கும் காட்சிக்குப் பொய்த்தலை போடாமல் நிஜமாகவே மழித்துக்கொண்டார். அவளுடைய துணைவனாக வரும் ஆண்ட்ரூ கார்ஃபீல்ட்தான் மழிக்கிறார். எனக்குப் பிடித்தது வேறொன்று. நோயாளிப் பெண் என்றால் தியாகியாக, குழந்தைக்காகவே உயிர் சுமப்பவளாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பை அல்முட் மதிக்கவில்லை. சிகிச்சைக்கு நடுவில் துணைவனிடம் மறைத்து உலகச் சமையல் போட்டிக்குப் பயிற்சி எடுக்கிறாள். மகளின் நினைவில் வெறும் இறந்துபோன அம்மாவாக மட்டும் இருக்க அவளுக்கு விருப்பமில்லை. சுயநலம் என்று அவன் நினைக்கிறான். அவள் விளக்குகிறாள், ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை.

அந்தப் படம் வந்த வருஷமே பியூ தன் உடல்நிலை பற்றியும் பேசினார். தனக்குச் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையும் எண்டோமெட்ரியோசிஸும் இருப்பது பரிசோதனையில் தெரியவந்ததையும், 27 வயதில் கருமுட்டைகளை உறையவைத்ததையும் ஒரு நிகழ்ச்சியில் சொன்னார். பள்ளியிலேயே இதையெல்லாம் சொல்லித்தர வேண்டாமா என்று கேட்டார். இதே பிரச்சினைகளோடு, வலி என்றால் எல்லாருக்கும் வருகிறதுதானே என்ற பதிலைக் கேட்டுக் கேட்டுச் சலித்த எத்தனையோ பெண்கள் நம்மைச் சுற்றி இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தியாவது அதைக் கேட்டுவிட்டு மருத்துவரிடம் போயிருப்பாள்.

நான் இப்போது எதிர்பார்த்துக்கொண்டிருப்பது 'ஈஸ்ட் ஆஃப் ஈடன்'. ஜான் ஸ்டைன்பெக்கின் 1952 நாவல், நெட்ஃபிளிக்ஸ் தொடராக நியூசிலாந்தில் படமாக்கப்பட்டிருக்கிறது. பியூ தயாரிப்பிலும் பங்கேற்கிறார். எழுதியிருப்பவர் ஸோயி கஸான். 1955இல் ஜேம்ஸ் டீனை வைத்து இதே நாவலைப் படமெடுத்த எலியா கஸானின் பேத்தி. தாத்தா நாவலின் பின்பகுதியை மட்டும்தான் எடுத்தார். அதனால் பியூ ஏற்றிருக்கும் கேத்தி ஏம்ஸ் என்ற பெண், எல்லாம் செய்து முடித்த பிறகு, விடுதி நடத்தும் நடுவயதுக்காரியாகத்தான் அதில் வருகிறாள். அந்தக் கொஞ்ச நேரத்துக்கே ஜோ வான் ஃப்ளீட் ஆஸ்கர் வாங்கினார். 1981 தொலைக்காட்சித் தொடரில் ஜேன் சீமோர் அவளுடைய இளமையைக் காட்டினார், அவரும் இங்கிலாந்துக்காரர். பெற்றோரைத் தீயில் விட்டுவிட்டு ஓடுபவள், பெற்ற இரட்டைப் பிள்ளைகளை விட்டுவிட்டுக் கணவனைச் சுட்டுவிட்டுக் கதவைத் திறந்து போகிறவள். பிறவியிலேயே மனசாட்சி இல்லாமல் வந்தவள் என்கிற மாதிரி ஸ்டைன்பெக் அவளை எழுதிவைத்தார். ஒரு பெண் அந்தக் கதையைத் திரும்ப எழுதி, கேத்தரினையும் ஏமியையும் நடித்த ஒருவர் அவளாக வரும்போது, அந்த வீட்டைவிட்டுப் போகிற காட்சியில் அவள் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் காத்திருக்கிறேன். அதற்குள் நாவலை இன்னொரு தரம் எடுத்துப் படிக்கத் தொடங்கிவிட்டேன். நீங்களும் படித்துவைத்தால் தொடர் வரும்போது பேசலாம்.